ரேடியேட்டர் மாற்றும் செலவு: வணிகர் போட வேண்டிய முழுக் கணக்கு

ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்குவதற்கு முன் நாம் எத்தனை கணக்குப் போடுகிறோம்! விலை என்ன, எடை சரியா, தூசி எவ்வளவு போகும், லாரி வாடகை என்ன, இறக்குகூலி என்ன, சாக்கு விற்றால் எவ்வளவு திரும்பும் என்று பார்த்துத்தான் அடக்க விலையைக் குறிக்கிறோம். ஆனால் அந்த மூட்டையைக் கடைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வண்டி பழுதானால் மட்டும், மெக்கானிக் சொல்கிற தொகையை எடுத்துக் கொடுத்துவிட்டு, "வண்டிச் செலவு" என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறோம்.

இன்று நம் மளிகைக் கடைக்காரர்களில் பலரிடம் ஒரு சிறிய லோடு வண்டியோ வேனோ இருக்கிறது. சிலரிடம் குடும்பத்துக்கும் கடைக்கும் சேர்த்து ஒரு கார் இருக்கிறது. இந்த வண்டிகளில் அடிக்கடி வரும் பழுதுகளில் ஒன்று ரேடியேட்டர் கசிவு. சிறிய பழுதாகத் தொடங்கி, கவனிக்காமல் விட்டால் இன்ஜினையே சாப்பிட்டுவிடக் கூடியது இது. ஆகவே, ரேடியேட்டர் மாற்றுவதற்கு ஆகும் செலவை ஒரு வணிகர் எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

நம் உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததிலிருந்து தொடங்கலாம். அவருடைய லோடு வண்டியில் தினமும் காலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. டிரைவர் இரண்டு முறை சொன்னார். "தீபாவளி வியாபாரம் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று இவர் தள்ளிப்போட்டார். தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது, எண்ணெய் டின்களும் சர்க்கரை மூட்டைகளும் ஏற்றிய வண்டி புறவழிச்சாலையில் கொதித்து நின்றது. சரக்கைச் சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் டிரைவர் தண்ணீர் ஊற்றி ஊற்றி மேலும் சில கிலோமீட்டர் ஓட்டினார். அதன் பிறகு வண்டி கிளம்பவில்லை. ரேடியேட்டரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை இன்ஜின் வேலை ஆயிற்று. பண்டிகை நேரத்தில் ஐந்து நாள் வாடகை வண்டி ஓடிற்று. டிரைவர்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. கணக்குப் போடாதது முதலாளிதான் என்று அவரே நம்மிடம் ஒப்புக்கொண்டார்.

பொருளை முதலில் தெரிந்துகொள்வோம்

இன்ஜினில் எரியும் எரிபொருளின் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகிக் குளிரூட்டும் நீரில் இறங்குகிறது. அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டு வரும் நீரை மெல்லிய குழாய்களில் ஓடவிட்டு, வெளிக்காற்றால் ஆற்றித் திருப்பி அனுப்புவதே ரேடியேட்டரின் வேலை. நீரைச் சுற்றவிடுவது வாட்டர் பம்ப். இன்ஜின் சூடேறும்வரை நீரைத் தடுத்து, பிறகு திறந்துவிடுவது தெர்மோஸ்டாட். வண்டி மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும் காற்றை இழுப்பது ஃபேன்.

ரேடியேட்டர் மூடியைச் சாதாரண மூடி என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டுக் குக்கரின் வெயிட் செய்யும் வேலையை அது செய்கிறது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஏறத்தாழ 121 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் தளர்ந்து அழுத்தம் நிற்காமல் போனால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் வண்டி கொதிக்கும். சில நூறு ரூபாய் மூடிக்காகப் பல ஆயிரம் ரூபாய் ரேடியேட்டரை மாற்றியவர்கள் உண்டு.

பழைய வண்டிகளில் ரேடியேட்டர் செம்பாலும் பித்தளையாலும் ஆனது. இன்றைய வேன்களிலும் கார்களிலும் பெரும்பாலும் நடுப்பகுதி அலுமினியம், இரு முனைகளிலும் இருக்கும் டேங்குகள் பிளாஸ்டிக். எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் பிளாஸ்டிக் டேங்க் வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஆண்டுக்கணக்கில் உழைத்து மொறுமொறுப்பாகி ஒருநாள் விரிசல் விடும். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்திலுள்ள ரப்பர் இறுகிக் கசியத் தொடங்கும்.

ரேடியேட்டர்தான் கோளாறு என்று எப்படித் தெரியும்?

வண்டி சூடானால் ரேடியேட்டர்தான் போயிற்று என்று முடிவுகட்டக் கூடாது. ஹோஸ் வெடித்திருக்கலாம். கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். மூடி தளர்ந்திருக்கலாம். தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கலாம். ஃபேன் மோட்டாரோ அதன் ஃபியூஸோ போயிருக்கலாம். பெல்ட் தளர்ந்திருக்கலாம். வாட்டர் பம்ப் கசியலாம். இவற்றில் எது கெட்டாலும் வண்டி சூடாகும். எதற்கும் ரேடியேட்டரை மாற்றத் தேவையில்லை.

ஆகவே மெக்கானிக்கிடம் முதலில் கேட்க வேண்டியது விலையல்ல. "பிரஷர் டெஸ்ட் போட்டுப் பார்த்தீர்களா?" என்பதே முதல் கேள்வி. மூடியின் இடத்தில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றினால், எங்கே கசிகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அழுத்தம் இறங்குகிறது, ஆனால் வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால், நீர் இன்ஜினுக்குள்ளேயே போகிறதோ என்று பார்க்க வேண்டும். எண்ணெய்க் குச்சியிலோ எண்ணெய் மூடியிலோ பால் கலந்த டீ போன்ற நிறம் தெரிந்தால், இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கக் கூடும். அந்த நிலையில் ரேடியேட்டரை மட்டும் மாற்றுவது, ஓட்டைத் தொட்டியில் குழாயை மாற்றுவது போன்றது.

ஒட்டுவதா, மாற்றுவதா?

செம்பு, பித்தளை ரேடியேட்டராக இருந்தால் ஈயப் பற்று வைத்துச் சரிசெய்யலாம். டேங்கைக் கழற்றிக் குழாய்களில் கம்பி விட்டு உப்பை எடுத்து மீண்டும் பொருத்தலாம். அந்த வேலை தெரிந்த பட்டறை இருந்தால், அதுவே சிக்கனம்.

அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த ரேடியேட்டரில் அப்படிச் செய்வது கடினம். பிளாஸ்டிக் விரிசலில் பசை போட்டால் ஊர் வந்து சேரலாமே தவிர, லோடு ஏற்றி நம்பி அனுப்ப முடியாது. டேங்கை மட்டும் மாற்றித் தருபவர்கள் உண்டு; நடுப்பகுதி நல்ல நிலையில் இருந்தால் அதைக் கேட்டுப் பார்க்கலாம். நடுக்குழாயே அரித்து ஓட்டை விழுந்தால் புதிதாக மாற்றுவதுதான் வழி. ஓரிடத்தில் அரித்தது வேறிடத்திலும் அரித்துத்தான் இருக்கும்.

கசிவை அடைக்க ரேடியேட்டருக்குள் மஞ்சள் தூள் போடும் பழக்கம் சில டிரைவர்களிடம் உண்டு. மஞ்சள் நம் கடைச் சரக்குத்தான். ஆனால் அதன் இடம் குழம்புச் சட்டி. தூள் ஊறிக் கசிவை அடைப்பது போல, நல்ல குழாய்களையும் அடைக்கும். கடைகளில் விற்கும் கசிவு அடைக்கும் மருந்துகளையும் பட்டறைவரை போய்ச் சேரும் வழியாக மட்டுமே கொள்ள வேண்டும்.

உரிய காலத்தில் மாற்றினால் என்ன செலவு?

இனிக் கணக்குக்கு வருவோம். கீழே உள்ள தொகைகள் ஒரு சிறிய லோடு வண்டிக்காக உதாரணமாக வைத்துக்கொண்டவை. வண்டிக்கு வண்டி, ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். உறுப்பினர்கள் தங்கள் ஊர் விலையை இந்த இடங்களில் எழுதிக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்ள வேண்டியது முறையை.

புதிய ரேடியேட்டர்: ரூ. 4,500
கூலண்ட்: ரூ. 900
மேல், கீழ் ஹோஸ்களும் கிளாம்புகளும்: ரூ. 800
தெர்மோஸ்டாட்: ரூ. 600
மூடி: ரூ. 200
வேலைக்கூலி: ரூ. 1,500
கூட்டுத்தொகை: ரூ. 8,500
ஜி.எஸ்.டி. 18 சதவீதம்: ரூ. 1,530
மொத்தம்: ரூ. 10,030

"ரேடியேட்டர் 4,500 ரூபாய்தானே" என்று தொடங்கிய கணக்கு, பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டதைக் கவனியுங்கள். மெக்கானிக் ஏமாற்றினார் என்பதல்ல இதற்குப் பொருள். ரேடியேட்டரைக் கழற்றினால் கூலண்ட் புதிதாக ஊற்றத்தான் வேண்டும். பழைய ஹோஸ் விறைத்து வெடிப்பு விட்டிருந்தால், அதை மீண்டும் மாட்டுவது பொய்ச் சிக்கனம். ஒரே கூலியில் முடிய வேண்டிய வேலைக்கு இரண்டு கூலி ஆகும். ஆனால் ஹோஸ் மெத்தென்று நல்ல நிலையில் இருந்தால் மாற்றத் தேவையில்லை. எதை ஏன் மாற்றுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கழற்றியதைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

வண்டி நிற்கும் நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வாடகை வண்டிக்கு நாளொன்றுக்கு ரூ. 2,000 என்றால், வேலை நாளில் வண்டியை விட்டால் அந்த 2,000 கூடும். கடை விடுமுறை நாளில் பட்டறை திறந்திருக்குமானால், அன்றைக்கு நேரம் குறித்துக்கொண்டு விட்டால் அது மிச்சம். முன்கூட்டித் தெரிந்த பழுதுக்குத்தான் இப்படி நாள் பார்க்க முடியும். சாலையில் நின்ற வண்டிக்கு நாள் பார்க்க முடியாது.

தள்ளிப்போட்டால் என்ன செலவு?

கசிவோடு ஓட்டி, வண்டி கொதித்து, ஹெட் வளைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய இன்ஜின்களில் பெரும்பாலும் ஹெட் அலுமினியம். அளவுக்கு மீறிச் சூடானால் அது வளையும். வளைந்தால் கேஸ்கெட் போகும். வரி சேர்க்காமல் கணக்கிடுவோம்.

ரேடியேட்டர் வேலை, மேலே கண்டபடி: ரூ. 8,500
வண்டியை இழுத்து வந்த செலவு: ரூ. 2,500
கேஸ்கெட் செட்: ரூ. 3,500
லேத்தில் ஹெட் சமப்படுத்தியது: ரூ. 1,500
இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும்: ரூ. 2,000
ஹெட் இறக்கி ஏற்றிய கூலி: ரூ. 6,000
வாடகை வண்டி 5 நாள்: ரூ. 10,000
மொத்தம்: ரூ. 34,000

உரிய காலத்தில் ஆகியிருக்கக் கூடிய 8,500-க்கு இது நான்கு மடங்கு. ஹெட்டில் விரிசல் விழுந்தாலோ பிஸ்டன் பிடித்துக்கொண்டாலோ இந்தக் கணக்கும் போதாது.

இந்தத் தொகையை நம் தொழில் மொழியில் பெயர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாச் செலவும் போக 100 ரூபாய் விற்பனைக்கு 4 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 8,500 ரூபாயைச் சம்பாதிக்க 2,12,500 ரூபாய்க்கு விற்க வேண்டும். 34,000 ரூபாயைச் சம்பாதிக்க 8,50,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். அதாவது 25,500 ரூபாய் வித்தியாசத்துக்காக 6,37,500 ரூபாய்ச் சரக்கை வாங்கி, இறக்கி, நிறுத்து, பொட்டலம் கட்டி விற்றாக வேண்டும். "தீபாவளி முடியட்டும்" என்ற ஒரு சொல்லின் விலை இதுதான். வராத சரக்கால் திரும்பிப்போன வாடிக்கையாளரை இந்தக் கணக்கில் நாம் சேர்க்கவே இல்லை.

வரி திரும்பக் கிடைக்குமா?

மோட்டார் உதிரிபாகங்களில் பலவற்றுக்கு முன்பு 28 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா உதிரிபாகங்களுக்கும் ஒரே சீராக 18 சதவீதம் ஆயிற்று. பழைய விகிதத்தில் யாராவது பில் போட்டால் சுட்டிக்காட்டித் திருத்தி வாங்குங்கள்.

இதில் மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது: நீங்கள் வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. செலுத்துபவர், வண்டி சரக்கு ஏற்றும் வண்டி, அது வியாபாரத்துக்கு ஓடுகிறது. அப்படியானால் பழுதுபார்ப்பில் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். மேற்கண்ட பில்லில் 1,530 ரூபாய் திரும்பிவிடும். உண்மைச் செலவு 8,500 மட்டுமே. ஆனால் பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். பட்டறைக்காரர் அதைத் தம் கணக்கில் காட்டி, அது உங்கள் 2பி படிவத்தில் வந்திருக்க வேண்டும்.

இரண்டாவது: வண்டி ஆட்கள் போகும் கார். டிரைவரையும் சேர்த்து 13 பேருக்கு மேற்படாத இருக்கை கொண்ட பயணிகள் வாகனமாக இருந்தால், அதை வாங்கிய வரியும் பழுதுபார்த்த வரியும் பொதுவாக நமக்குத் திரும்பாது. பின் இருக்கையில் சர்க்கரை மூட்டை வைத்துக் கொண்டுவந்தாலும், பதிவுச் சான்றில் அது கார்தான். கார் பில்லைக் கடைக் கணக்கில் சேர்த்து உள்ளீட்டு வரி எடுத்துவிட்டு, பிறகு வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய நிலை வரக் கூடாது.

மூன்றாவது: நீங்கள் இணக்க வரி முறையில், அதாவது காம்போசிஷனில் இருப்பவர். அப்போது எந்த வண்டியானாலும் உள்ளீட்டு வரி கிடையாது. 10,030-ம் செலவுதான்.

வருமான வரியில் இது நடப்புப் பழுதுபார்ப்புச் செலவு. வியாபாரத்துக்கு ஓடும் வண்டியானால், லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று அனுமான முறையில் வரி கட்டுபவர்கள் இதைத் தனியாகக் கழிக்க முடியாது. அந்த சதவீதத்துக்குள்ளேயே அது அடங்கிவிடுகிறது.

ஒரு முக்கிய எச்சரிக்கை. ஒரே நாளில் ஒரே நபருக்கு ரூ. 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தச் செலவு வருமான வரிக் கணக்கில் அனுமதிக்கப்படாமல் போகலாம். நம் உதாரண பில் 10,030. முப்பது ரூபாய் கூடியதால் முழுத் தொகையும் கேள்விக்குள்ளாகும். அக்கவுண்ட் பேயீ காசோலை, வங்கி மாற்று, யு.பி.ஐ. இவற்றில் ஒன்றில் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இன்சூரன்ஸ் தருமா?

பலர் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது இங்கேதான். தேய்மானத்தால் கெட்டுப்போன ரேடியேட்டருக்கு வழக்கமான மோட்டார் பாலிசியில் பணம் கிடையாது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் பாலிசியிலேயே விலக்கப்பட்டவை.

முன்னால் போன வண்டியில் மோதி ரேடியேட்டர் உடைந்தால், முழு காப்பீடு எடுத்திருந்தால் கோரலாம். அப்போதும் முழுத்தொகை வராது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதுக்கேற்பக் கழிவு. வண்டிக்கு வயது 3-க்கு மேல் 4-க்குள் என்றால் 25 சதவீதம், 4-க்கு மேல் 5-க்குள் என்றால் 35 சதவீதம், 5-க்கு மேல் 10-க்குள் என்றால் 40 சதவீதம். தேய்மானக் கழிவு இல்லாத கூடுதல் பாதுகாப்பைத் தனிப் பிரீமியம் கட்டி வாங்கியிருந்தால் இந்தக் கழிவு நீங்கும்.

சிறிய தொகைக்குக் கோரிக்கை வைக்குமுன் நோ கிளெய்ம் போனஸையும் பாருங்கள். முதல் ஆண்டு 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம்வரை ஏறும் இந்தத் தள்ளுபடி, ஒருமுறை கோரினால் போய்விடும். மூவாயிரம் ரூபாய் வாங்கப்போய் அடுத்த பிரீமியத்தில் அதைவிட அதிகம் இழக்கலாம்.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. மோதலில் ரேடியேட்டர் உடைந்து நீர் கொட்டிக்கொண்டிருக்கும்போதே, "பட்டறைவரை ஓட்டிவிடலாம்" என்று ஓட்டி இன்ஜின் பிடித்துக்கொண்டால், அந்த இன்ஜின் செலவு நம் தலையில்தான். சரிசெய்யாமல் ஓட்டியதால் கூடிய சேதத்துக்குப் பொறுப்பு உரிமையாளருடையது என்பது பாலிசியின் நிபந்தனை. இழுத்துச் செல்லும் செலவுக்கு அஞ்சி இன்ஜினை இழக்கக் கூடாது.

பில்லும் பழைய ரேடியேட்டரும்

காலி சாக்கையும் எண்ணெய் டின்னையும் எண்ணி விற்கிற நாம், கழற்றிய ரேடியேட்டரைப் பட்டறை மூலையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். செம்பானாலும் அலுமினியமானாலும் அதற்குக் காயலான் கடையில் விலை உண்டு. ஒன்று, அதைக் கேட்டு வாங்குங்கள். அல்லது அதன் மதிப்பைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். பழையது கையில் இருந்தால், உண்மையிலேயே மாற்றினார்கள் என்பதற்கும் அதுவே சாட்சி.

புதிய ரேடியேட்டருக்குக் கம்பெனிப் பெயர், பாக எண், உத்தரவாதக் காலம் ஆகியவற்றைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும். அட்டைப்பெட்டியைப் பார்த்து ஏமாற வேண்டாம். பொருளின் மேலேயே குறி இருக்கிறதா என்று பாருங்கள். வண்டிக் கம்பெனியின் பாகம், பேர் பெற்ற உதிரிபாகக் கம்பெனியின் பாகம், பெயரில்லாத பாகம் என்று மூன்று விலை சொல்வார்கள். முதல் இரண்டில் எதை வாங்கினாலும் குற்றமில்லை. பெயரில்லாததை வாங்கினால், கூலியையும் கூலண்டையும் விரைவிலேயே மறுபடி கொடுக்க நேரலாம்.

கெடாமல் வைத்துக்கொள்வது

பல ஊர்களில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். வீட்டு வெந்நீர்ப் பானையின் உள்ளே வெள்ளையாகப் படிவதே ரேடியேட்டர் குழாயிலும் படிகிறது. ஆகவே குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டக் கூடாது. கலந்து விற்கும் கூலண்டை அப்படியே ஊற்றலாம். கெட்டியான கூலண்டானால், காய்ச்சி வடித்த நீரில் கம்பெனி சொன்ன அளவில் கலக்க வேண்டும். "நம் ஊரில் பனி விழுவதில்லையே, கூலண்ட் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். கொதிநிலையை உயர்த்துவதும் துருவும் அரிப்பும் வராமல் தடுப்பதும் நமக்கு வேண்டிய வேலைகள். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. வண்டியின் கையேடு சொல்லும் வகையைப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு வகைகளைக் கலக்கக் கூடாது.

வாரம் ஒருமுறை, காலையில் வண்டி ஆறியிருக்கும்போது கூலண்ட் அளவைப் பாருங்கள். மூடிய அமைப்பில் கூலண்ட் எளிதில் குறையாது. அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். மண்டித் தெருக்களில் ஓடும் வண்டியில் தூசியும் சணல் நாரும் ரேடியேட்டரின் முகத்தை அடைக்கும். மெதுவான தண்ணீரால் கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கும்.

டிரைவருக்குச் சொல்லிவைக்க வேண்டியவை: முள் ஏறினால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைக்க வேண்டும். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கண்ணே போகக் கூடும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம். "சரக்கு தாமதமாகட்டும், பரவாயில்லை, போன் செய்" என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தால்தான் டிரைவர் துணிந்து நிறுத்துவார்.

மளிகைக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள விஷம். மீதமான கூலண்டைச் சோடா பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றிக் கடையில் வைக்கவே கூடாது. சரக்குகளுக்கு நடுவிலும் ஏற்றக் கூடாது. பழைய கூலண்டைத் தெருவில் கொட்டினால் நாயும் மாடும் நக்கிச் சாகும். பட்டறையிலேயே விட்டுவிடுவது நல்லது.

பயிற்சிக் கணக்கு

ஒரு வணிகர் லோடு வண்டியின் ரேடியேட்டரை மாற்றுகிறார். பாகங்கள் ரூ. 6,000, கூலி ரூ. 1,000, இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஒருநாள் வாடகை வண்டி ரூ. 1,800, அதற்கு வரி இல்லை. பழைய ரேடியேட்டரை விற்றதில் ரூ. 400 கிடைத்தது. நிகரச் செலவு என்ன?

விடை: பாகமும் கூலியும் 7,000. வரி 1,260. வாடகை சேர்த்தால் 10,060. பழையதன் விலை போக 9,660. காம்போசிஷனில் இருப்பவருக்கு இதுவே செலவு. வழக்கமான முறையில் வரி கட்டுபவருக்கு 1,260 திரும்புவதால் 8,400. அதே வணிகர் தம் காருக்கு இந்த வேலையைச் செய்திருந்தால், அவருக்கும் 9,660 தான்.

முடிவாக

வண்டி ஓடும் ஒவ்வொரு நாளும் 10 ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 3,000 ரூபாய். மூன்று ஆண்டில் 9,000 ரூபாய். நம் உதாரணத்தில் கண்ட ரேடியேட்டர் வேலைக்கு, வரி நீங்கலாக, அது போதும். பேரேட்டில் "வண்டிப் பழுது நிதி" என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எதை மாற்றினோம் என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவாருங்கள். அடுத்தமுறை மெக்கானிக் "இதையும் மாற்ற வேண்டும்" என்று சொல்லும்போது, போன ஆண்டுதானே மாற்றினோம் என்று அந்தப் பக்கம் சொல்லிவிடும்.

முதலில் சொன்ன உறுப்பினர் இப்போது அப்படி ஒரு பக்கம் வைத்திருக்கிறார். தினமும் காலையில் கடை திறந்ததும் அவர் டிரைவரிடம் முதலில் கேட்பது, "தண்ணீர் குறைந்திருக்கிறதா?" என்பதைத்தான். நம் உறுப்பினர்கள் அனைவரும் நாளைக் காலை தங்கள் டிரைவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். "குறைகிறது" என்று பதில் வந்தால், அன்றைக்கே பட்டறைக்கு நாள் குறித்துவிட வேண்டும்.